120, 97, 74: என் ஆம்பின் உண்மையான வாட்ஸ் எது?

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறேன். பாட்டு கேட்க 45,000 ரூபாயில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டியில் சேனலுக்கு, அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு, 120 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. கருவி வைத்து அளந்து ரிவ்யூ போடும் ஒருவர் 97 வாட்ஸ் என்கிறார், இன்னொருவர் 74தான் என்கிறார். டிஸ்டார்ஷனும் ஒருவருக்கு 0.003 சதவீதம், மற்றவருக்கு 0.02. பெங்களூருவிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்பவரோ, "அளவெல்லாம் சும்மா சார், காதுதான் மீட்டர்" என்கிறார். யாரை நம்ப?

பதில்: முதல் இருவரையும் நம்பலாம். மூன்றாமவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊர் தக்காளி மண்டியில் பெட்டியோடு போட்ட எடை வேறு, பெட்டி கழித்த எடை வேறு. இரண்டும் பொய்யில்லை. ஆம்பும் அப்படித்தான். வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சத்தம் உடைய ஆரம்பிக்கும், இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். எவ்வளவு உடைந்ததும் நிறுத்தி அளக்கிறோம் என்பதில்தான் வாட்ஸ் மாறுகிறது. நீங்கள் அனுப்பிய படங்களின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். கம்பெனி 10 சதவீதம் உடையும் வரை ஓட்டியிருக்கிறது. முதல் ரிவ்யூக்காரர் 1 சதவீதத்தில் நிறுத்தி, ஒரு சேனலை மட்டும் ஓட்டினார். இரண்டாமவர் 0.1 சதவீதத்திலேயே நிறுத்தி, இரண்டு சேனலையும் சேர்த்து ஓட்டினார். பாட்டு கேட்கும்போது இரண்டும்தானே ஓடும்? அதனால் எனக்கு 74தான் பிடித்த எண். டிஸ்டார்ஷனில் ஒருவர் இரைச்சலையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார், மற்றவர் சேர்க்கவில்லை. பேஸ் பலமாக அடிக்கும்போது ஸ்பீக்கர் தானாகவே 1 சதவீதத்தைத் தாண்டிவிடும், ஆகவே அந்தச் சண்டையை மறந்துவிடுங்கள்.

97க்கும் 74க்கும் காதில் வித்தியாசம் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வாட்ஸ் சுமார் பத்து மடங்கு வேண்டும்.

ரிவ்யூ எழுதுபவர்கள் விட்டுவிடும் ஒன்று உண்டு, அது உங்கள் வீட்டு வோல்டேஜ். அவர்கள் நிலையான மின்சாரத்தில் அளக்கிறார்கள். நம் பக்கம் பம்ப்செட் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190 காட்டுவதை நானே அளந்திருக்கிறேன். பழைய பாணி டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்பில் வோல்ட் குறைந்தால் வாட்ஸ் அதன் வர்க்கத்தில் குறையும். 190ஐ 230ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.68 வரும். 97 வாட்ஸ் ஆம்ப் 66க்கு இறங்கிவிடும். ரிவ்யூக்காரர்கள் இருவரும் சண்டை போடுவது 23 வாட்ஸுக்கு. லோ வோல்டேஜ் 31 வாட்ஸைத் தின்றுவிடுகிறது! உள்ளே நல்ல ரெகுலேட்டட் எஸ்.எம்.பி.எஸ். (வோல்டேஜைத் தானே சமன் செய்யும் எலக்ட்ரானிக் பவர் சப்ளை) வைத்த ஆம்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 190 வந்தாலும் உள்ளே போகும் டி.சி. மாறாது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, மலிவானவற்றில் ரெகுலேஷன் இருக்காது. ஆம்பின் பின்பக்கம் "100-240 வோல்ட்" என்று பரந்த எல்லை அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். "230 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர்தான், தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லும். அப்படியானால் தனியாக ஒரு நல்ல ஸ்டெபிலைசருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

இப்போது அந்த இடைத்தரகர். கிருஷ்ணகிரியில் ஆம்ப் ரிப்பேர் செய்யும் எனக்கு இவர்கள் கைவேலை நன்றாகத் தெரியும். ரிவ்யூ கிராஃபில் நல்ல கோட்டை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அடியில் உள்ள நிபந்தனை வராது. இரண்டு செட்டை வைத்துக் கேட்கச் சொல்லும்போது, விற்க வேண்டியதன் வால்யூமை ஒரு பொட்டு கூட்டி வைப்பார்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு அதுதான் நல்ல செட் என்று தோன்றும். காதை மீட்டர் என்பவர் அந்த மீட்டரைத் திருத்திவிட்டுத்தான் பேசுகிறார். காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர் "இரண்டு பக்கமும் 200 வாட்ஸ்" என்று வாங்கிய செட்டைக் கொண்டுவந்தார். திறந்தால் 12-0-12, அதாவது இரு முனைக்கும் இடையே 24 வோல்ட், 5 ஆம்ப்ஸ் டிரான்ஸ்பார்மர். 24ஐ 5ஆல் பெருக்குங்கள், 120. அதிலிருந்து 400 வாட்ஸ் எப்படி வரும்? பில்லும் இல்லை. அந்த மனிதர் முகம் வாடிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

பெட்டியில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதே என்பீர்கள். அது ஷாக், தீ இவற்றுக்கான பாதுகாப்பு முத்திரை, வாட்ஸுக்கு அல்ல. அமெரிக்காவில் எந்த நிபந்தனையில் அளந்த வாட்ஸ் என்று சொல்லியாக வேண்டும் என 1974லேயே விதி போட்டார்கள். இங்கே தராசுக்கு முத்திரை பார்க்க ஆள் வருகிறார், பெட்டியில் அச்சடித்த வாட்ஸைக் கேட்டு ஒரு கடைக்கும் அதிகாரி வந்து நான் பார்த்ததில்லை.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பில் இருந்தால், பெங்களூருவில் வாங்கியிருந்தாலும், 2019 சட்டப்படி தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாய்தாவென்று அலைந்தவர்களிடம் அந்த ஐந்து மாதத்தைச் சொன்னால் கோபப்படுவார்கள், எனக்கும் கோபம்தான். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் தடை அளவு), எத்தனை சதவீத டிஸ்டார்ஷன், இரண்டு சேனலும் ஓட்டியா?" பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதற்கு முன், ஒரு வாரம் இரவு ஏழு மணிக்கு ஒரு மல்டிமீட்டரை வைத்து பிளக்கில் எத்தனை வோல்ட் என்று குறித்து அனுப்புங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஓம் அளவையும் சேர்த்து எழுதுங்கள். இந்த ஆம்ப் உங்களுக்குப் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.