சிவந்த இலை

அன்புள்ள ஐயா,

என் மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுத் தோட்டத்தில் டாக்வுட் மரங்கள். ஏப்ரலில் வெள்ளைப் பூ, அக்டோபரில் செக்கச்செவேலென்று இலை. மாதாமாதம் படம் அனுப்புகிறாள். மதுரையில் பார்க்க என்ன இருக்கிறது? வெயில், அதைவிட்டால் கடும் வெயில். வாசலில் ஒரு பாதாம் மரம், இந்த மாசியில் இலையைக் கொட்டித் தீர்க்கிறது. அதை வெட்டிவிட்டு டாக்வுட் வைக்கலாமா? கன்று எங்கே கிடைக்கும்? பாதாம் வேர் சுவரை உடைக்குமா?

— ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

டாக்வுட் இங்கே வராது. அதன் மொட்டு விரிய வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நம் மார்கழி இரவோ 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதனால் கன்று தேட வேண்டாம். சுவரைப் பற்றி ஒரு நல்ல கொத்தனாரிடம் கேளுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் பாதாம் மரத்துக்காக. கடிதம் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. படத்தில் வரும் சிவந்த இலையை ரசிக்கிறீர்கள். உங்கள் வாசலில் உதிர்வது என்ன நிறம்? தினமும் கூட்டித் தள்ளுகிறீர்களே, ஒரு நாளாவது குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தீர்களா? அங்கே விழுந்தால் அழகு, இங்கே விழுந்தால் குப்பையா?

டாக்வுட்டின் கிளைகள் தட்டுத் தட்டாகப் படுக்கைவாட்டில் விரியும். நிமிர்ந்து பாருங்கள், பாதாமும் அப்படித்தான் அடுக்கடுக்காக நிற்கிறது. மகள் காட்டும் அந்த நான்கு வெள்ளை இதழ்கள் உண்மையில் பூவைச் சுற்றி நிற்கும் இலைகள். நடுவில் பச்சையும் மஞ்சளுமாகப் பொடிப்பொடியாக ஒரு கொத்து இருக்கும், அதுதான் பூ. நம் ஊர்க் காகிதப்பூவிலும் இதே கதைதான். பாதாமும் பூக்கிறது. துளிரோடு சேர்ந்து வெளுத்த சிறு கதிராக வரும். அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அழகர்கோவில் சாலையில் எங்கள் பழைய வீட்டின் கொல்லையிலும் ஒரு பாதாம் நின்றது. அப்பத்தா அதை வாதாங்கொட்டை மரம் என்பார். தையில் முதல் இலை சிவந்ததும், "மரம் பழுத்துருச்சு, இனிப் பனி போயிரும்" என்பார். உதிர்ந்த இலையை வெளியே கொட்ட விடமாட்டார். மரத்தடியிலேயே குவித்து மண்ணைத் தள்ளி மூடுவார். இரவில் வௌவால் கடித்துப் போட்ட காய்களைக் காலையில் பொறுக்கி, அம்மியில் வைத்து உடைத்துப் பருப்பு எடுத்துத் தருவார். பத்துக் காய் உடைத்தால் ஒரு கை நிறையாது.

அவர் போன மறுவருடம், நான் ஊரில் இல்லாத மாசியில், மரம் மொட்டையாக நிற்பதைப் பார்த்த உறவினர் ஒருவர் பட்டுப்போய்விட்டது என்று வெட்டச் சொல்லிவிட்டார். நான் வந்தபோது கிளைகள் முற்றத்தில் கிடந்தன. ஒவ்வொரு நுனியிலும் பிசுபிசுவென்று மொட்டு. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் துளிர்த்திருக்கும். அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தோம், அந்த மரத்தின் வருடத்தை அறிந்தவர் அப்பத்தா ஒருவர்தான்.

ஆகவே வெட்ட ஆள் சொல்லியிருந்தால் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சித்திரைத் திருவிழா வரைக்கும் பொறுங்கள். அதற்குள் மரம் முழுக்கப் பச்சை கட்டிவிடும், பந்தல் மாதிரி நிழல் விழும். அப்புறம், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். மகளுக்கு நீங்களும் அனுப்புங்கள். இப்போது கீழே கிடப்பதில் நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்து உலர்த்துங்கள். அடுத்த முறை அவள் ஊருக்கு வரும்போது கையில் கொடுங்கள்.