கிரேக்கத் தீவு ஃபோலகாண்ட்ரோஸ்: காலையில் படகு, மாலையில் ஏதென்ஸ் விமானம் சரிவருமா?

ஆகஸ்டில் வேண்டாம். முந்தைய நாளே ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸ் வந்து இரவு தங்கிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் மெல்டெமி என்னும் வடகாற்று நாள்கணக்கில் வீசும். வானம் பளிச்சென்று இருக்கும்போதே படகு ரத்தாகும். தீவில் விமான நிலையமும் இல்லை.

உங்கள் டிக்கெட்டில் கப்பலின் பெயரைப் பாருங்கள். சிறிய அதிவேகப் படகு என்றால், கார் ஏற்றும் பெரிய கப்பலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; நேரம் கூடும், ஆனால் காற்றைத் தாங்கும். இரண்டு நாள் முன்பிருந்தே காற்று முன்னறிவிப்பைக் கவனியுங்கள். காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8 என்றால் பெரிய கப்பலும் துறைமுகத்தில் நிற்கக்கூடும்.

படகு ரத்தானால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். தவறவிட்ட விமானத்துக்குக் கிடைக்காது.

கடைசி மாலையை இழக்க மனம் வராதுதான். தீவின் முக்கிய ஊரான கோராவுக்கு மேலே பனகியா தேவாலயத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையைத் தீவுக்கு வந்த முதல் நாளே நடந்துவிடுங்கள்.