மிஸ்ஸியிடம் கேட்டவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். பத்திரிகையில் தாதி என்று எழுதுவார்கள், ஊரில் நான் மிஸ்ஸிதான். தாதிமைப் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கே: அக்கா, நான் முதலாம் ஆண்டு. நேற்று வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. ஒரு துளி இரத்தம்தான். வார்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் திட்டுவார் என்று பயந்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். இனி சொல்ல வேண்டுமா?

ப: இதைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய்ச் சொல்லு, தங்கச்சி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் குத்திய 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. ஒரு நாள் போய்விட்டது, மிச்சத்தையும் வீணாக்காதே. அந்த நோயாளியின் இரத்தத்தையும் உன் இரத்தத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தால் 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். ஹெப்பாடைட்டிஸ் பி (கல்லீரல் அழற்சி) தடுப்பூசி 1989 முதல் நம் நாட்டில் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள், நீயும் போட்டிருப்பாய். ஆனாலும் உடம்பில் அதன் எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள்.

ஊசி குத்தினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது, நேராகக் கூர்முனைப் பெட்டிக்குள் போட வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் இரண்டு கையாலும் மூடி போட்டோம். எனக்கும் குத்தியது, நானும் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் ஆறு மாதம், லேசாகக் காய்ச்சல் அடித்தாலே இராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சொல்லியிருந்தால் பத்து நிமிஷம் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்.

கே: 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? தேர்வில் எப்போதும் இதில்தான் கோட்டை விடுகிறேன்.

ப: முதலில் டிரிப் செட் உறையைப் பார்க்க வேண்டும். 1 மில்லிக்கு 20 சொட்டு என்றிருந்தால் 500 x 20 = 10,000 சொட்டு. 4 மணி நேரம் 240 நிமிஷம். வகுத்தால் 41.67, அதாவது நிமிஷத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ டிரிப் செட் என்றால் 1 மில்லிக்கு 60 சொட்டு, அதை மறந்தால் மொத்தக் கணக்கும் போச்சு. வார்டில் இன்னொரு தொல்லை உண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று சொந்தக்காரர்களே சொட்டின் வேகத்தை மாற்றும் உருளையைத் திருகிவிடுவார்கள். கையில் கடிகாரத்தோடு அடிக்கடி போய் எண்ணிப் பார்.

கே: மிஸ்ஸி, என் மகள் வார்டில் இறந்துபோன ஒருவரின் உடலைத் துடைத்துக் கட்டினாளாம். தீட்டு, மூன்று நாள் சாமி அறைப் பக்கம் விடாதே என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?

ப: அம்மா, அவள் எப்படியும் வந்ததும் குளிப்பாள், சீருடையைத் தனியாகத் துவைப்பாள். கிருமிக்கு அது போதும். பாட்டிக்காக மஞ்சள் தண்ணீரும் தெளிக்கட்டும், நஷ்டமில்லை. வாசலில் மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். நான் முதன்முதலில் துடைத்தது ஒரு கிழவரின் கையை. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிக் காய்த்துப்போன விரல்கள், என் தாத்தாவுடையதைப் போலவே. வீட்டுக்கு வந்தபோது அம்மா எதுவும் கேட்காமல் சோறு போட்டார். அன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. உங்கள் மகளிடமும் முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

கே: நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். லீவில் வந்தால் தோட்டத்து லயமே, வரிசை வீட்டுக்காரர் எல்லாரும், என் வாசலில் நிற்கிறது. பிரஷர் பார், ஊசி போடு, இந்த மாத்திரை சாப்பிடலாமா என்று. முடியாது என்றால் படித்த திமிர் என்கிறார்கள்.

ப: எனக்கும் அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது! பிரஷர் பார், எழுதிக் கொடு. டாக்டர் எழுதாத ஊசியும் டிரிப்பும் வீட்டில் வேண்டவே வேண்டாம், ஏதாவது ஆனால் உன் லைசென்ஸ்தான் போகும். மாத்திரையில் கண்டிப்பாக இரு. பக்கத்து வீட்டு அக்காவின் இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். கிளிக்லாசைட் மாதிரி மாத்திரையை வேண்டாதவர் விழுங்கினால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) டாக்டரே பார்ப்பார், அங்கே போகச் சொல். இன்னொன்று: இனிப்புநீர்க்காரர்களின் காலைப் பார். உணர்ச்சி மரத்த காலோடு தீ மிதிக்கப் போகிறவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. அவர்களைத் தடுக்கப் பூசாரியிடம் பேசுவதைவிடப் பூசாரி வீட்டம்மாவிடம் பேசினால் வேலை நடக்கும்.

கே: பையன்கள் தாதிமை படித்தால் சிரிக்கிறார்களே, மிஸ்ஸி?

ப: சிரிக்கட்டும், தம்பி. எண்பது கிலோ நோயாளியைப் புரட்டும்போது எல்லாரும் உன்னைத்தான் தேடுவார்கள். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் புரட்டு, முதுகு உன்னுடையது.

கே: நைட் முடிந்து வந்தால் தூக்கமே வருவதில்லை. தகரக் கூரை சூடு, சேவல், கோயில் ஒலிபெருக்கி.

ப: இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை நின்றுவிட்டு வருகிறாய், வந்ததும் படு. துணி துவைக்க உட்காராதே. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, விடிகாலை மூன்று மணிக்குப் பிறகு கோப்பி வேண்டாம். கண் சொருகினால் மோட்டார் சைக்கிளை எடுக்காதே, ஆஸ்பத்திரியிலேயே அரை மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பு.

கே: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டேன். தனியார் கல்லூரிக்காரர் பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) கடனில் உடனே சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். சேரலாமா?

ப: அந்த டிப்ளோமாவுக்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீயே சரிபார், ஏஜெண்ட் பேச்சை நம்பாதே. மூன்று வருஷம் படித்தும் வாரியத்தில் பதிய முடியாவிட்டால் கையில் கடன்தான் மிஞ்சும். முதலில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போடு.

முதல் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதிலை உடனே அனுப்பிவிட்டேன். மற்றதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து செய்தி வந்தது: “சொல்லிவிட்டேன் அக்கா. இரத்தம் எடுத்தாயிற்று. சிஸ்டர் திட்டினார், அப்புறம் அவரே கூட வந்தார்.” சரி. அடுத்த பரிசோதனைக்குக் கொடுத்த தேதியை நாள்காட்டியில் குறித்து வை, தங்கச்சி.