மாடிக் கதவைத் திறக்க முடியாதவருக்கு

கேள்வி: நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். எந்நேரமும் சத்தம். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றிருக்கிறது. புலம்பியபோது, உடன் வேலை பார்ப்பவர் ‘அப் ஆன் தி ரூஃப்’ என்ற பழைய பாட்டைக் கேட்கச் சொன்னார். மனம் கனத்தால் மாடிக்கு ஏறு என்கிறது பாட்டு. எங்கள் கட்டடத்தில் மாடிக் கதவுக்கு அலாரம் வைத்திருக்கிறார்கள்! கேலி செய்கிறாரா?

பதில்: கேலி இல்லையம்மா. அதை எழுதியவர்களும் நெரிசலில் கிடந்தவர்கள்தான். வரிகள் ஜெர்ரி காஃபின், மெட்டு அவர் மனைவி கரோல் கிங். பிராட்வே தெருவில் அவர்கள் வேலை பார்த்த இடத்தில் பியானோ போட்ட குட்டிக் குட்டி அறைகள். பக்கத்து அறையில் வேறொருவர் வேறு பாட்டைத் தட்டிக்கொண்டிருப்பார். 1962இல் தி டிரிஃப்டர்ஸ் குழுவுக்காக ரூடி லூயிஸ் இதைப் பாடியபோது கரோலுக்கு வயது 20தான், அதற்குள் குழந்தை வேறு.

கரோல் முதலில் யோசித்த தலைப்பு ‘என் ரகசிய இடம்’. காஃபின்தான் அதை மாடியாக்கினார். நல்லவேளை! ரகசிய இடம் எல்லோருக்கும் வாய்க்காது. மாடிப்படி எந்தக் கட்டடத்திலும் உண்டு. அந்த ஊர் மாடி நம் மொட்டைமாடி மாதிரி வெள்ளையாக இருக்காது. கறுப்புத் தார், கொடியில் துணி, புறாக்கூண்டு. கோடையில் அங்கேயே படுத்து வெயில் காய்வார்கள். ‘தார் பீச்’ என்று செல்லப்பெயர்.

பாட்டில் எனக்குப் பிடித்தது, அவன் ஊரை விட்டு எங்கும் போவதில்லை. நாலு படி ஏறுகிறான், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்புவதா என்பது பெரிய கேள்வி. அதைத் தூக்கம் கெட்ட ராத்திரியில் முடிவு செய்யாதீர்கள்.

சரி, கதவு. அலாரம் வைத்த கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டாம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ‘சூப்பர்’ இருப்பாரே, அவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் விடுங்கள், ஒரு படகை உங்கள் மாடியாக்கிக்கொள்ளுங்கள். மன்ஹாட்டனின் தென்முனையில் ஒயிட்ஹால் படகுத்துறை இருக்கிறது. ஸ்டேட்டன் தீவுப் படகு அங்கிருந்து இரவும் பகலும் ஓடுகிறது. 1997 முதல் டிக்கெட்டே கிடையாது. ஒரு வழிக்கு 25 நிமிடம். போகும்போது வலப்பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். அக்கரையில் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

முதல் சில தடவை தனியாகப் போங்கள். அம்மாவுக்குக்கூட போன் போட வேண்டாம். பாட்டிலும் அவன் முதலில் தனியாகத்தான் ஏறுகிறான். அப்புறம்தான் காதலியைக் கூப்பிடுகிறான். தண்ணீர்மேல் காற்று முகத்தில் அறையும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.