மொட்டை மாடியில் பெரிய செஸ் செட் நாமே செய்ய முடியுமா? ராஜா மூணடி உயரம் இருக்க வேண்டும்

முடியும். ஆனால் ராஜாவின் உயரத்திலிருந்து தொடங்காதீர்கள். கட்டத்தின் அளவு முதலில், அதற்கேற்ற அடிப்பாகம் அடுத்து, உயரம் கடைசி. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரைப்படி கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜா சுமார் 9.5 செ.மீ., காயின் அடிவிட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். இதே விகிதத்தில் மூணடி ராஜா செய்தால் கட்டம் அரை மீட்டரைத் தாண்டும், பலகை பதினாலடி ஆகும். சுற்றி நடக்க இடம் விட்டால் பல மாடிகளில் அடங்காது. பலகையைச் சுருக்கி ராஜாவை மட்டும் உயர்த்தினால் காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும்.

கட்டம் 30 செ.மீ. என்று வையுங்கள். பலகை 240 செ.மீ. சதுரம். கைப்பிடிச் சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் மூணடியாவது தள்ளியிருக்கட்டும், பலகையைப் பார்த்தபடியே பின்னால் நடப்பார்கள். ராஜா 52, ராணி 46, பிஷப் 38, குதிரை 33, யானை 30, சிப்பாய் 27 செ.மீ.

மூலைமட்டத்துக்கு ஒரு பக்கம் 180, அடுத்த பக்கம் 240 குறித்து, குறுக்கே 300 வருகிறதா பாருங்கள். சதுரம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டமும் 339.4 செ.மீ. வர வேண்டும். ஒவ்வொரு கட்டமாக அளந்து கொண்டே போகாதீர்கள், கட்டத்துக்கு 2 மி.மீ. பிசகினால் எட்டாவது கட்டத்தில் 16 மி.மீ. ஆகிவிடும். டேப்பை ஒரே முனையில் பிடித்து 30, 60, 90 என்று ஒரே மூச்சில் குறியுங்கள்.

சுவர் எமல்ஷன் தரையில் நிற்காது, தரைக்கான பெயிண்ட் வாங்குங்கள். கட்டங்களுக்கு மட்டும் அடிக்கும் நிறத்துக்கு ஒரு லிட்டர் என்றால் இரண்டு கோட்டுக்குப் போதும், முழுச் சதுரத்துக்கும் அடிக்கும் நிறம் கூடுதலாக வேண்டும். புதிதாகப் பூசிய தளமென்றால் 28 நாள் விடுங்கள், பழையதென்றால் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கறுப்பு வேண்டாம், சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. செங்காவியும் கிரீமும் போதும். முதலில் முழுச் சதுரத்துக்கும் கிரீம். காவிக் கட்டங்களை ஒரே தடவையில் டேப் ஒட்டி அடிக்க முடியாது, மூலைகள் தொட்டுக்கொள்வதால் ஒரு கட்டத்தின் டேப் அடுத்ததை மறைக்கும். 1, 3, 5, 7-ம் வரிசைகளை அடித்து, காய்ந்த பிறகு மற்ற நான்கு வரிசைகள். டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் கிரீமையே ஒருமுறை இழுத்துவிட்டு அதன்மேல் காவி அடித்தால் கசியாது.

காய்களுக்கு மரம்தான் அழகு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வெயிலிலும் மழையிலும் கிடக்கப் போவதால் பிவிசி பைப்பைச் சொல்கிறேன். சிப்பாய்க்கு 75 மி.மீ. பைப் 10 அடி, பெரிய காய்களுக்கு 110 மி.மீ. பைப் 20 அடி ஒன்று. அடிப்பாகத்துக்கு 160 மி.மீ., 200 மி.மீ. பைப்பில் ஒவ்வொரு மீட்டர் வாங்கி 5 செ.மீ. வளையங்களாக அறுங்கள், அளவுக்குப் பதினாறு. முந்தையது சிப்பாய்க்கு, பிந்தையது மற்றவற்றுக்கு.

வளையத்தை பாலித்தீன் விரித்த சமதளத்தில் வைத்து, பக்கத்தில் மூன்று சிறிய ஸ்க்ரூவை உள்நோக்கி ஏற்றி, 1 பங்கு சிமென்ட், 2 எம்-சாண்ட், 3 கால் இஞ்ச் ஜல்லி சிப்ஸ் கலவையை நிரப்புங்கள். அரை மூட்டை சிமென்ட்டில் எல்லாமே முடியும். சிப்பாயின் அடி இரண்டு கிலோ, பெரியதன் அடி மூன்றரைக் கிலோ வரும். உடல் பைப்பின் அடியில் எதிரெதிரே துளையிட்டு ஒரு கம்பித் துண்டைக் குறுக்கே செருகி, ஈரக் கலவையில் 4 செ.மீ. இறக்குங்கள். இந்தக் கம்பியைச் சோம்பலில் விட்டால் பிள்ளைகள் தலையைப் பிடித்துத் தூக்கும்போது வழவழப்பான பைப் மட்டும் கையோடு வந்து, அடிப்பாகம் காலில் விழும். ஏழு நாள் ஈரச் சாக்கு போடுங்கள். காய்ந்தபின் அடியில் ரப்பர் ஷீட் ஒட்டாவிட்டால் பெயிண்ட் கீறிப் போய்விடும்.

சிப்பாயின் தலைக்கு 10 செ.மீ. தெர்மோகோல் பந்து. பைப் ஒட்டும் சொல்யூஷனும் தின்னர் கலந்த பெயிண்டும் அதைக் கரைத்துவிடும், எம்-சீலால் ஒட்டி, வலைத்துணி சுற்றி வெள்ளை சிமென்ட் பூசிய பிறகே பெயிண்ட். பிஷப்புக்குக் கவிழ்த்த புனல். ராஜா, ராணிக்கு மூடி போட்டு, மேலே சிலுவையையோ கிரீடத்தையோ பிவிசி ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டலாம். குதிரைதான் வேலை வாங்கும்: சமையலறை அலமாரிக்குப் போடும் 18 மி.மீ. ஃபோம் ஷீட் இரண்டை ஒட்டி, தலையின் பக்கவாட்டு உருவத்தை ஜிக்சாவில் வெட்டி, பைப் உச்சியில் அதே தடிமனுக்குப் பிளவு அறுத்துச் செருகுங்கள். பிளைவுட் வேண்டாம், விளிம்பில் தண்ணீர் ஏறினால் ஊதிவிடும். பிவிசியை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகே எனாமல் அடியுங்கள், இல்லாவிட்டால் தோலாக உரியும்.

யானையின் கொத்தளத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்ததும், அதற்குக் கீழே மூடி வைத்து அடைத்து, மூடிக்கு மேலே பக்கவாட்டில் 6 மி.மீ. துளை போடுங்கள். நான்கு யானையிலும் மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு கொசுவை நாமே வளர்த்த மாதிரி.

ரெடிமேடாக வாங்கலாமே என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், கேள்வி அதுவல்ல.

கடைசியாக ஒன்று, கேட்டவருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. ஆடுபவரின் வலதுகை மூலையில் வெளிர் கட்டம் வர வேண்டும். 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். அதற்குப் பிறகும் விளம்பரப் படங்களிலும் பள்ளிச் சுவர்களிலும் பலகையைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டு, ராணியையும் மாற்றி வைத்து, தாடையில் கைவைத்து யோசிக்கும் ஆளை வரைகிறார்கள். இத்தனை கிராண்ட்மாஸ்டர்கள் உள்ள ஊரில் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். காகிதத்தில் தவறினால் அழித்து வரையலாம், தரையில் தவறினால் நான்கு பக்கமும் இடமிருந்தால்தான் ஆடுபவர்களை வேறு பக்கம் நிற்கச் சொல்லித் தப்பிக்க முடியும். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டோ இருந்தால் அதற்கும் வழியில்லை, காவி டப்பாவைத் திறக்கும் முன் மூலையில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.