007 ஏன் ரிட்டயர் ஆவதில்லை? கேள்வி பதில்

வணக்கம். பாகம் பாகமாக வந்தும் தீராத ஹாலிவுட் படங்களைப் பற்றிக் கேளுங்கள், ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பதில் சொல்கிறேன். 007 என்ற எண் கொண்ட உளவாளி ஜேம்ஸ் பாண்டின் படங்கள் எனக்கு அத்துப்படி, ஸ்டார் வார்ஸ் ஓரளவு. ஒரு தியேட்டரின் ஆபரேட்டர் ரூமில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. ஒரே வேண்டுகோள்: வசூல் கணக்கோடு வருகிறவர்கள் அந்த வருடத்து டிக்கெட் விலையையும் கூடவே கொண்டு வரவும்.

கேள்வி: ஒரே ஆள், ஒரே வேலை. 1962 தொடங்கி 2021 வரை 25 படம். ஜனங்களுக்கு எப்படிச் சலிக்காமல் போனது?

சட்டி அதே சட்டி, காய் மட்டும் சீசனுக்குச் சீசன் வேறு. அமெரிக்காவில் கறுப்பின நாயகர்களின் அதிரடிப் படங்கள் சக்கைப்போடு போட்ட சமயம், 1973-ல், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமுக்குப் பாண்டை அனுப்பினார்கள். குங்ஃபூ மோகம் அடித்தபோது, 1974-ல், கராத்தே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இதில் பெரிய கூத்து 1977-ல் நடந்தது. 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' முடிந்ததும், அடுத்து 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யில் பாண்ட் வருவார் என்று திரையில் எழுத்தே போட்டார்கள். அதே வருடம் ஸ்டார் வார்ஸ் வந்து கல்லாவை நிரப்பிவிட்டது. போட்ட எழுத்தைக் காற்றில் விட்டுவிட்டு, 1979-ல் 'மூன்ரேக்கர்' எடுத்து மனிதரை விண்வெளிக்கே ஏற்றிவிட்டார்கள். சொன்ன படம் 1981-ல்தான் வந்தது.

மாறாதது எது என்று கேளுங்கள். ஆரம்பத்தில் வெள்ளைப் புள்ளி திரையில் ஓடும், துப்பாக்கிக் குழல் விரியும், ஒரு ஆள் நடந்து வந்து சட்டென்று திரும்பி நம்மைப் பார்த்துச் சுடுவார், மேலிருந்து ரத்தம் வழியும். மாரிஸ் பைண்டர் உருவாக்கியது இது. நிஜத் துப்பாக்கிக் குழலுக்குள் ஊசித்துளை கேமராவை வைத்து எடுத்தார். இங்கே கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: முதல் படமான 'டாக்டர் நோ'வில் அப்படி நடந்து வருபவர் பாண்டாக நடித்த ஷான் கானரியே இல்லை. பாப் சிம்மன்ஸ் என்ற ஸ்டண்ட்மேன். தலையில் தொப்பி, முகம் தெரியாது. கானரியின் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே பாண்ட் வந்தாகிவிட்டது! ஆளை மாற்றினாலும் வண்டி ஓடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எங்கள் ஊருக்குப் படப்பெட்டி வந்து சேருவதற்குள் பிரிண்ட் முழுக்கக் கீறல் விழுந்திருக்கும். ஆனாலும் அந்தப் புள்ளி நகர ஆரம்பித்ததும் விசில் பறக்கும்.

கேள்வி: அடுத்த பாண்ட் யார் சார்?

தெரியாது.

கேள்வி: நம்ம டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்ட் படத்தில் நடித்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1983-ல் வந்த 'ஆக்டோபஸ்ஸி'. உதய்பூரில் படமாக்கினார்கள். நம் சென்னைக்காரர் பாம்பாட்டி வேஷத்தில் உட்கார்ந்திருப்பார். பாண்டாக ரோஜர் மூர் வந்து இறங்கியதும் மகுடியில் பாண்ட் இசையை வாசிப்பார், அதுதான் அடையாளச் சங்கேதம். அப்புறம் ஆட்டோ ஓட்டுவார், டென்னிஸ் மட்டையால் அடியாட்களைச் சாத்துவார். பாவம், பாதியிலேயே கொன்றுவிடுவார்கள்.

கேள்வி: ஸ்கைஃபால்தானே அதிகம் வசூலித்த பாண்ட் படம்? 100 கோடி டாலர்!

தலையில் போட்ட வேண்டுகோளைப் படிக்கவில்லை போலிருக்கிறது. 100 கோடி டாலரைத் தாண்டிய முதல் பாண்ட் படம் அது, 2012, சரி. ஆனால் 1965-ல் பாண்ட் படம் 'தண்டர்பால்' ஓடியபோது அமெரிக்காவில் ஒரு டிக்கெட் சராசரியாக ஒரு டாலர். 2012-ல் கிட்டத்தட்ட எட்டு டாலர். எத்தனை தலைகள் உள்ளே போயின என்று எண்ணுங்கள், எத்தனை நோட்டு வந்தது என்று அல்ல.

கேள்வி: 25 என்கிறீர்கள். 'நெவர் சே நெவர் அகெய்ன்' கணக்கில் இல்லையா? அதில் கானரியே நடித்தாரே! 26 அல்லவா?

வாருங்கள். நெடுநாளாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

1950-களின் கடைசியில் பாண்ட் நாவல்களை எழுதிய இயான் ஃப்ளெமிங், கெவின் மெக்குளோரி, ஜாக் விட்டிங்ஹாம் மூவரும் சேர்ந்து ஒரு திரைக்கதை எழுதினார்கள். படம் கைகூடவில்லை. ஃப்ளெமிங் அதையே 1961-ல் 'தண்டர்பால்' நாவலாக்கித் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். மெக்குளோரி கோர்ட்டுக்குப் போனார். 1963-ல் சமரசம்: அந்தக் கதையின் பட உரிமை மெக்குளோரிக்கு. பாண்ட் படங்களின் சொந்தக்காரர்களான பிராக்கோலியும் சால்ட்ஸ்மேனும் அவரையே தயாரிப்பாளராகப் போட்டு 1965-ல் அதைப் படமாக்கினார்கள். பத்து வருடத்துக்கு மறுபடி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கெடு தாண்டியபின், அதே கதையை வைத்து 1983-ல் வந்ததுதான் நீங்கள் சொல்லும் படம். அதனால் அது பங்காளி வீட்டுப் படம், 25-ல் சேராது.

கேள்வி: (அவரே) கானரி இருந்தால் பாண்ட். அவ்வளவுதான்.

படத்தைப் போட்டுப் பாருங்கள். குழல் இல்லை, புள்ளி இல்லை, அந்த இசை இல்லை. மூன்றும் எதிர்வீட்டுச் சொத்து. திரை முழுக்க 007, 007 என்று எழுதி ஒப்பேற்றியிருப்பார்கள். தலைப்பே கேலிதான்: இனிமேல் பாண்டாக நடிக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்த கானரிக்கு அவர் மனைவி மிஷலின் சொன்னது.

கேள்வி: (இன்னொருவர்) நானும் 26 கட்சிதான். அது நன்றாக ஓடவும் செய்தது.

ஓடியது, மறுக்கவில்லை. அதே வருடம் ஆக்டோபஸ்ஸி அதைவிட அதிகம் ஓடியது. ஒரே வருடம், ஒரே டிக்கெட் விலை என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் அனுமதி.

கேள்வி: மார்வெலா, டிசியா?

என் துறை இல்லை. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த பாண்ட் யாராக இருக்கும்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: ஸ்டார் வார்ஸில் படத்தைவிடப் பொம்மையில்தான் காசு என்பது நிஜமா?

ஜார்ஜ் லூகாஸ் தன் சம்பளத்தை ஏற்றிக் கேட்காமல், பொம்மை உரிமையையும் அடுத்த பாகங்களின் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டுடியோவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. படம் பிய்த்துக்கொண்டு போனது. 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க கென்னர் கம்பெனியால் முடியவில்லை. அதனால் ஒரு அட்டைக்குள் சீட்டை வைத்து விற்றார்கள்: இப்போது காசு, நாலு பொம்மை பின்னால் தபாலில் வரும்! அதையும் வாங்கினார்கள். 2012-ல் டிஸ்னி 405 கோடி டாலர் கொடுத்து லூகாஸிடம் கம்பெனியை வாங்கியது.

கேள்வி: அமேசான் வாங்கிவிட்டதே, அடுத்த பாண்ட் யார் என்று அவர்களாவது சொன்னார்களா?

மூன்றாவது தடவை. பாண்ட் படங்களின் ஸ்டுடியோவான எம்ஜிஎம்மை அமேசான் 2022-ல் வாங்கியது. படைப்பு விஷயங்களில் கடைசி வார்த்தை பிராக்கோலி குடும்பத்திடமிருந்து 2025 பிப்ரவரியில்தான் கைமாறியது. அடுத்த படத்துக்கு டைரக்டர் டெனி வில்நெவ் என்று அறிவித்தார்கள். நடிகர் யார் என்று என்னிடம் யாரும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. ஐயா, போதும்.

கேள்வி: 1981 படத் தொடக்கத்தில் மொட்டைத் தலை, மடியில் வெள்ளைப் பூனை, சக்கர நாற்காலியோடு ஒரு வில்லன். பெயரே சொல்ல மாட்டார்கள். ஏன்?

இதுதான் கேள்வி! அது புளோஃபெல்ட், ஸ்பெக்டர் என்ற வில்லன் கூட்டத்தின் தலைவன். பெயர் சொன்னால் மெக்குளோரி வக்கீலோடு வந்துவிடுவார், ஸ்பெக்டர் கூட்டத்துக்கும் அவர் உரிமை கோரிக்கொண்டிருந்தார். அதனால் பெயர் சொல்லாமல் புகைபோக்கிக்குள் போட்டு மூடினார்கள். மெக்குளோரி காலமான பிறகு, 2013-ல், அவர் குடும்பத்தோடு பேசி உரிமையை வாங்கினார்கள். 2015-ல் படத்துக்கே 'ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வரிசை செத்திருக்க வேண்டிய சமயம் 1989-க்குப் பிறகு. உரிமைத் தகராறில் ஆறு வருடம் படமே இல்லை. அப்போதும் உரிமைப் பத்திரம் ஒரே குடும்பத்தின் பெட்டியில் பத்திரமாக இருந்ததால், 1995-ல் 'கோல்டன் ஐ' எடுக்க முடிந்தது. ரசிகன் விசில் அடிப்பான், பத்திரம் எழுத மாட்டான்.

கேள்வி: (பழைய 26 கட்சி) சரிங்க ஐயா, 25. ஆனால் என் அலமாரியில் 26 டிவிடி இருக்கிறதே.

அலமாரி உங்களுடையது. 1967-ல் வந்த கிண்டல் 'கேசினோ ராயல்' கிடைத்தால் அதையும் சேர்த்து 27 ஆக்கிக்கொள்ளுங்கள்.