ஃபோர்ட்ரானில் கோப்பிலிருந்து அரேக்கு: கேள்வி பதில்

கேள்வி: என் கோப்பில் 100 வரி, வரிக்கு 3 எண். அதை ஃபோர்ட்ரான் நிரலில் 100க்கு 3 அரேக்குள் (எண்களை வரிசை, நெடுவரிசையாக வைக்கும் அட்டவணை) படிக்க வேண்டும். இரண்டு டூ லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு உள்ளே ஒவ்வொரு எண்ணாக ரீட் பண்ணினால் பாதியிலேயே 'எண்ட் ஆஃப் ஃபைல்' என்று நின்றுவிடுகிறது. எண்கள் எல்லாம் இருக்கின்றன அண்ணா!

பதில்: இருக்கின்றன, நீங்கள்தான் தாண்டிப் போகிறீர்கள். ஒரு ரீட் முடிந்தால், அந்த வரியில் மிச்சம் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு அடுத்த ரீட் அடுத்த வரியில்தான் தொடங்கும். ஆக வரிக்கு முதல் எண் மட்டும் உள்ளே போகிறது, 100 எண்ணோடு கோப்பு தீர்ந்துவிடுகிறது, அரேயின் 34வது வரிசையின் 2வது இடத்துக்கு வரும்போது படிக்க ஒன்றுமில்லை. உள் லூப்பை எடுத்துவிட்டு வரிக்கு ஒரே ரீட் எழுதி, அதற்குள் இம்ப்ளைடு டூ (ரீட்டின் உள்ளேயே எழுதும் லூப்) போடுங்கள்: (ஏ(ஐ,ஜே), ஜே=1,3).

கேள்வி: லூப்பே இல்லாமல் அரேயின் பெயரை மட்டும் கொடுத்தால்?

பதில்: பிழை வராது, ஆனால் எண்கள் இடம் மாறி உட்காரும். ஃபோர்ட்ரான் நெடுவரிசையாகத்தான் நிரப்பும். அரேயை 3க்கு 100 என்று அறிவித்தால் கோப்பின் ஒரு வரி ஒரு நெடுவரிசையில் சரியாகப் பொருந்தும்.

கேள்வி: எத்தனை வரி என்று முன்கூட்டியே தெரியாதே?

பதில்: ஐயோஸ்டாட் (ரீட் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண், கோப்பு தீர்ந்தால் எதிர்மறை) எதிர்மறை ஆகும்வரை வரிகளை எண்ணுங்கள், அலொகேட் போட்டு அந்த அளவுக்கு அரேக்கு இடம் ஒதுக்குங்கள், ரிவைண்ட் போட்டு கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள், மறுபடி படியுங்கள். எண்ணும்போது ரீட்டில் மாறி எதுவும் கொடுக்காமல் விட்டால் வெற்று வரியும் கணக்கில் சேரும், எண்ணைப் படிக்கும் ரீட்டோ வெற்று வரியைத் தாண்டிவிடும், கோப்பின் கடைசியில் யாராவது இரண்டு எண்டர் தட்டியிருந்தால் கணக்கு உதைக்கும். ஒரு டம்மி மாறிக்குள் (எண்ணுவதற்கு மட்டும் வைக்கும், பிறகு தேவைப்படாத மாறி) படித்தே எண்ணுங்கள்.

கேள்வி: வரி '2023/05/01 12.4' என்று இருக்கிறது. தேதிக்குப் பின்னால் உள்ள மழையளவு அரேக்குள் வரவே இல்லை, எல்லாம் 0.

பதில்: சாய்கோடுதான் காரணம். ஃபார்மேட் இடத்தில் நட்சத்திரக் குறி (*) போட்ட ரீட்டுக்குச் சாய்கோடு என்றால் இத்தோடு போதும் என்று அர்த்தம், மீதி மாறிகளில் பழைய மதிப்பே நிற்கும், எச்சரிக்கைகூட வராது. முழு வரியையும் 'ஏ' ஃபார்மேட்டில் (எழுத்துகளை அப்படியே வாங்கும் வடிவம்) ஒரு கேரக்டர் மாறிக்குள் (எழுத்துகளை வைக்கும் மாறி) வாங்கி, முதல் 10 எழுத்தை விட்டுவிட்டு, மீதியை அந்த மாறியிலிருந்தே ரீட் பண்ணுங்கள். எண் மட்டுமே உள்ள கோப்புக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன். ஒரு வரியில் எண் ஒன்று குறைந்தால் நேரடி ரீட் சத்தமில்லாமல் அடுத்த வரியிலிருந்து இழுத்துக்கொள்ளும். கேரக்டர் மாறி வழியாகப் படித்தால் ஐயோஸ்டாட் அங்கேயே காட்டிக்கொடுக்கும். வரி எண்ணை அச்சிட்டு நிரலை நிறுத்திவிடுங்கள், கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டலாம்.